சேவை இடைமுகப் பகிர்வு

பெரிய மென்பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து எழுதும்போது, ஒரு கூறு தரும் சேவையை இன்னொன்று எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் கிடைக்கும் என்பதை முன்பே வரையறுத்து, இரு தரப்பும் பார்க்கும்படி வைப்பது சேவை இடைமுகப் பகிர்வு. கேள்வி, பதிலின் வடிவம் மட்டுமே பொதுவாகும். பதிலைத் தயாரிக்கும் நிரல் அந்தந்தக் கூறுக்குள்ளேயே இருக்கும். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுவதும் இப்படித்தான். சேஸின் நீளம், போல்ட் துளைகளின் இடம், தாங்கும் எடை ஆகியவற்றைக் கம்பெனி சொல்லிவிடுகிறது. பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமலே பாடியை ஏற்றிப் பூட்டுகிறார்.

கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்காக வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நூல், ஒருவர் எழுதிய துணைநிரலை மற்றவர் அழைத்துப் பயன்படுத்தும் வழியை விளக்கியது. ஆனால் இத்துறையின் உண்மையான அடித்தளம் 1972 டிசம்பரில் டேவிட் பார்னாஸ் எழுதிய கட்டுரைதான். வேலை நடக்கும் வரிசைப்படி நிரலைப் பிரிக்காதீர்கள், பின்னாளில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்துவையுங்கள் என்றார் அவர். 1991இல் வந்த கோர்பா, இடைமுகத்தை எழுதவே தனி மொழி வகுத்தது.

இடைமுகம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகும் நிரலாளர்களை விடவில்லை. சேவை தரும் கூறுக்குள்ளேயே வைத்தால், கேட்கும் கூறு அந்தக் கூறு முழுவதையும் சார்ந்துவிடும். அதை மாற்றி வேறொன்றைப் பொருத்த முடியாது. மூன்றாவதாக ஒரு சிறு கூறில் இடைமுகத்தை மட்டும் வைத்தால், இரண்டும் அதை மட்டுமே சாரும். 1999இல் தொடங்கிய ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பின் முறையில், சேவை தரும் கூறு இடைமுகத்தின் பெயரில் ஒரு பதிவேட்டில் பதிந்துகொள்ளும். கேட்பவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். 2017இல் ஜாவா 9 இத்தகைய ஏற்பாட்டை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது.

இந்திய அரசு 2015இல் திறந்த ஏபிஐ (மென்பொருள் இடைமுகம்) கொள்கையை வெளியிட்டது. இப்படி இடைமுகங்களைப் பகிர்வதன் பயனை சேலம், நாமக்கல் சமவெளியின் லாரித் தொழிலில் தெளிவாகக் காணலாம். முன்பு ஆர்.சி. புத்தகம், சரக்குச் சீட்டு, சுங்கக் கட்டணம் ஒவ்வொன்றும் தனிக் காகிதம், தனிக் கவுன்டர். இன்று பதிவு விவரம் ‘வாகன்’ தரவுத்தளத்தில் இருக்கிறது. மாநில எல்லை தாண்டும் சரக்கின் விவரம் 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் முறைமையில். தமிழகத்துக்குள் செல்லும் சரக்குக்கு அந்த ஆண்டு ஜூன் 2 முதல். 2021 பிப்ரவரி நடுவில் கட்டாயமான பாஸ்டேக், சுங்கக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றையும் நடத்தும் அமைப்புகள் வேறு வேறு. எதுவும் மற்றதன் தரவுத்தளத்தைத் திறப்பதில்லை. வாகன எண்ணைக் கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான்.

சேலம் உருக்காலையிலிருந்து எஃகுச் சுருள் ஏற்றிய, டி.என். 28 பதிவெண் கொண்ட லாரி ஒன்று கேரளம் நோக்கிப் புறப்படுகிறது என்று கொள்வோம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டியதால் 12 இலக்க இ-வே பில் வேண்டும். அதன் ‘பி’ பகுதியில் வண்டி எண்ணைப் பதியும்போது, அது வாகனில் உண்டா என்று முறைமை சரிபார்க்கிறது. வைகுந்தம் சுங்கச்சாவடியில் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் பட்டையை வாசிப்பான் படிக்க, சாவடியின் வங்கி தேசியப் பணக்கொடுப்புக் கழகத்தின் வழியாகப் பட்டை வழங்கிய வங்கியிடம் பணம் கேட்கிறது. இரு வங்கிகளும் வேறாயிருந்தும் இது நடக்கக் காரணம், எல்லாரும் ஒரே இடைமுகக் கட்டுப்பாட்டு ஆவணத்தைப் பின்பற்றுவதே. 2021 ஜனவரி முதல் இந்தக் கடப்புத் தகவல் இ-வே பில் முறைமைக்கும் போகிறது. பில் இல்லாமல் சாவடி தாண்டிய வண்டிகளை வரி அலுவலர்கள் அறிய முடிகிறது. நாமக்கல் முட்டை வரிவிலக்குப் பொருள் என்பதால் முட்டை லாரிக்கு இ-வே பில் தேவையில்லை. பாஸ்டேக் அதற்கும் வழக்கம்போல வேலை செய்கிறது. ஒரு கூறு விலகியும் மற்றவை நிற்காமல் ஓடுவதே நல்ல பிரிப்பின் அடையாளம்.

இடைமுகம் சரியாக இருந்தாலும் அதன் வழியே வரும் தகவல் பிழையானால் பயனில்லை. அச்சு எண்ணிக்கை தவறாகப் பதிவான லாரிக்குக் கட்டணமும் தவறும். அலைவது லாரி உரிமையாளர்தான். கேள்வியின் வடிவத்தைத் திடீரென்று மாற்றினால், ஊர்க் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் சிறு நிரலாளரின் வேலை அன்றே முடங்கும். ஆகவே இடைமுகத்தை வெளியிடும் எவரும் புதிய பதிப்போடு பழையதையும் போதிய காலம் இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பிழை திருத்தத்துக்கு யாரை அணுகுவது என்பதையும் அதே ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும்.