யாருமில்லை என்றொரு பெயர்

ஹோமரின் ஒடிசி காவியத்தில், ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகையில் அகப்பட்ட ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்று கூறுகிறான். கண் குத்தப்பட்ட அரக்கன் அலறுகிறான். துன்புறுத்தியவன் யார் என்று வெளியே நின்ற அவன் இனத்தார் வினவ, 'யாருமில்லை' என்னும் விடையே கிடைக்கிறது. அவர்களும் திரும்பிப் போய்விடுகின்றனர்.

அப்பெயரின் இலத்தீன் வடிவமே நேமோ. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன், 1869–70இல் தொடராக வெளிவந்த தம் ஆழ்கடல் புதினத்தில், நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனுக்கு இப்பெயரைச் சூட்டினார். ஹோமரை நினைத்தே சூட்டினார் எனக் கொள்வதில் பிழையில்லை. (1968இல் வந்த '2001' திரைப்படம் ஒடிசி என்ற சொல்லைத் தன் தலைப்பிலேயே தாங்கியது. அதன் சிவந்த ஒற்றைக்கண் கணிப்பொறியில் பாலிஃபீமஸைக் கண்டோர் பலர். அக்கதையைப் படைத்தவர்களுள் ஒருவரான ஆர்தர் கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர்.)

எனினும் இருவருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தப்பித்த ஒடிசியஸ், வெற்றிச் செருக்கில் தன் உண்மைப் பெயரைக் கப்பலிலிருந்து உரக்கக் கூவுகிறான். கடல் தெய்வத்தின் சினம் அதனாலேயே அவனைத் தொடர்கிறது. நேமோவோ வாய் திறப்பதில்லை. ஓர் இடத்தில் அவனுடைய மௌனம் விரிசல் காண்கிறது. அந்த இடம் நமக்கு அயலன்று: மன்னார் வளைகுடாவின் முத்துச்சிலாபம். சுறாவின் வாயில் சிக்கவிருந்த ஏழை முத்துக்குளிப்பவனைக் காக்க, நேமோ குறுவாளோடு பாய்கிறான். மூர்ச்சையுற்றவனைப் படகில் ஏற்றி உயிர்ப்பித்து, அவன் கையில் ஒரு பை முத்துக்களையும் வைக்கிறான். ஏன் இப்படி என்று பேராசிரியர் கேட்க, ஒடுக்கப்பட்ட நாட்டவனான அவனுடைய மண்ணே தன் மண்ணும் என்கிறான்.

அந்த மண் எது? வெர்ன் முதலில் எண்ணியது போலந்து. 1863இல் ரஷ்யப் பேரரசை எதிர்த்தெழுந்த போலந்து வீரனாகவே நேமோ அவர் மனத்தில் உருவானான். ரஷ்யச் சந்தையை இழக்க விரும்பாத பதிப்பாளர் எட்செல் இசையவில்லை. ஆகவே நேமோ நாடற்றவனாகவே கடலில் உலவினான். 1874–75இல் வந்த 'மர்மத் தீவு' புதினத்தில்தான் அவன் புந்தேல்கண்ட் இளவரசன் டக்கார் என்றும், 1857 எழுச்சியில் குடும்பத்தை இழந்தவன் என்றும் அறிகிறோம். திப்பு சுல்தானின் மருமகனாம்! மைசூர் எங்கே, புந்தேல்கண்ட் எங்கே? வெர்ன் இந்தியாவைக் கண்டவரல்லர், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆங்கில மொழிபெயர்ப்பிலோ பிரித்தானிய ஆட்சியைக் கடிந்த பகுதிகள் திருத்தப்பட்டன. அதைப் பொறுப்பது கடினம்.

நேமோவின் இறப்பும் கைபட்டதே. அச்சில் அவன் இறைவனையும் தாய்நாட்டையும் ஒருங்கே சொல்லி உயிர்விடுகிறான். பக்திக்குரிய முடிவுதான். ஆயின் வெர்னின் கையெழுத்துப் படியில் அவன் வாயில் இருந்தது ஒரே சொல்: விடுதலை.