காய்ச்சலும் அதன் பெயர்களும்: மன்னார்க் கரையோரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

காய்ச்சல் நோயன்று, நோயின் குறியே. அக்குறிக்கு எப்பெயர் இடப்படுகின்றது என்பதை மருத்துவ அறிவு மட்டுமன்றிச் சமூக வரலாறும் தீர்மானிக்கின்றது. மன்னார்க் கரையோரம் இதற்குத் தக்க சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டோர் பலர். தோட்ட முதலாளித்துவம் வேண்டிநின்றது அவர்தம் உழைப்பையே, உடலையன்று.

1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்த கொள்ளைநோயின் பின்னர், காய்ச்சலென்றால் மலேரியா என்னும் எண்ணம் வலுப்பெற்றது எனலாம். 1946இல் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பினால் 1963இல் நோயாளர் தொகை 17ஆக வீழ்ந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1967-69இல் நோய் மீண்டும் பெருகிற்று. 2016 செப்ரெம்பரிலேயே உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியில் மன்னார்த் தீவிலே அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டமையால், விழிப்பு இன்றும் அவசியமாகின்றது.

எனினும், மலேரியா விலக்கப்பட்ட பின்னும் நீடிக்கும் காய்ச்சலுக்கு விளக்கம் வேண்டும். மூன்று வாரங்களுக்கு மேலாக, 38.3 பாகை செல்சியசைக் கடந்து, ஒருவார வைத்தியசாலைப் பரிசோதனையிலும் காரணம் புலப்படாத காய்ச்சலை 1961இல் பீற்றர்ஸ்டோவ், பீசன் ஆகியோர் தனிவகையாக வரையறுத்தனர். அதன் காரணங்களுள் ஒன்று லூப்பஸ். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய். நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். இவ்விகிதமே ஆண் நோயாளியை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

இத்திரைக்கு வர்க்கப் பரிமாணமும் உண்டு. கடற்றொழிலாளியின் முகச்சிவப்பை வெயிலின் விளைவென்றும், மூட்டுநோவை வலையிழுத்ததன் பயனென்றும், காய்ச்சலைச் சயரோகம் அல்லது நெருப்புக்காய்ச்சல் என்றும் கொள்ளுதல் எளிது. அவ்வெயிலே லூப்பஸைத் தூண்டவல்லது என்பது கருத்திற் கொள்ளப்படாது போகின்றது. வாய்ப்புண், சிறுநீரிற் புரதம், வெண்குருதிக்கலங்களின் குறைவு ஆகியன ஐயத்தை எழுப்பவேண்டியவை. 2019இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டு நெறிகளில் கருவெதிர்ப்பொருட் சோதனை நுழைவாயிலாகும், காரணம் புலப்படாத காய்ச்சலுக்குப் புள்ளி உண்டு, பாலினத்துக்கு இல்லை.

தாமதத்தின் விலையைச் சிறுநீரகமே பெரிதும் செலுத்துகின்றது. ஆதலின், தொற்றுநோய்களை விலக்கியபின் ஆணிடத்தும் இச்சோதனையை நாடுதல் வேண்டும். தலைநகருக்குச் செல்ல வசதியற்ற உழைப்பாளிக்கும் அது எட்டுமாறு செய்வது பொதுச் சுகாதாரத்தின் கடமையாகும்.