ஹார்ட் டிஸ்க்குக்கும் பொருத்தம் பார்க்கணும்: ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு ஹார்ட் டிஸ்க் வரலாறு எதுக்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு சட்டக் கணக்கு. 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 128படி ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 36படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கடையில் வாங்கும் டிஸ்க்குக்கு வாரண்டியோ பெரும்பாலும் 2 முதல் 5 வருஷம்தான். ஆக, கணக்குக்கு ஆயுள் அதிகம், அதைச் சுமக்கும் டிஸ்க்குக்கு உத்தரவாதம் குறைவு. நடுவில் ஒரு தடவையாவது டிஸ்க்கை மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

திருப்பூர்ப் பக்கம் வீட்டு முன்னறையே ஆபீஸாக இருக்கும் சின்ன யூனிட்கள் நிறைய. பில், டிசைன் படம், பேட்டர்ன் ஃபைல், கூடவே அக்கா கல்யாண போட்டோ, எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கும். இவற்றைப் பத்திரமாக வைக்க வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர் போடலாம் என்று உதிரி வாங்கப் போனால் முதல் கேள்வி, "இது அதோட சேருமா?" எங்கள் அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் பானைக்கு மூடி பார்க்கும்போது கேட்கிற அதே கேள்விதான். கம்ப்யூட்டர் உலகத்தில் இதற்கு ஏறக்குறைய 70 வயது.

1956ல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய 305 ராமேக் இயந்திரத்தில் இருந்ததுதான் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு! பானையும் அவர்களுடையது, மூடியும் அவர்களுடையது. 1968ல் மெமோரெக்ஸ் என்ற கம்பெனி 630 என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். 2311 டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைச் செருகலாம். வாங்குகிறவனுக்கு "அவன் என்ன விலை சொல்றான்?" என்று கேட்க வழி பிறந்தது அப்போதுதான்.

நம் நாட்டிலும் இதில் ஒரு பாடம் உண்டு. 1973 அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டிவந்தது. ஐ.பி.எம். ஒத்துக்கொள்ளாமல் 1978ல் கிளம்பிவிட்டது. கம்பெனி போயிற்று, மெஷின்கள் இங்கேயே நின்றன. அவற்றைப் பராமரிக்கும் வேலையை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டது. விற்றவன் நாளைக்கு இருப்பான் என்று சொல்ல முடியாது. ஆனால் நம்ம கணக்கு நாளைக்கும் வேண்டும். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

1980ல் எஸ்.டி.506 வந்தது. பிற்பாடு சீகேட் என்று பெயர் மாறிய கம்பெனியின் தயாரிப்பு, கொள்ளளவு 5 எம்.பி. இந்த வகை டிஸ்க்குகளில், எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது என்ற மூளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தனி கன்ட்ரோலர் கார்டில் இருந்தது. கார்டு செத்துப்போய் வேறு கம்பெனி கார்டு போட்டால், டிஸ்க் நன்றாகச் சுற்றும். ஆனால் உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் படிக்க முடியாது. 1986 வாக்கில் வந்த ஐ.டி.இ. முறை அந்த மூளையை டிஸ்க்கிலேயே வைத்தது. 2003ல் அதன் வாரிசாக சாட்டா வந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனி சாட்டா டிஸ்க்கையும் எந்த மதர்போர்டிலும் சொருகலாம். மூடிச் சண்டை தீர்ந்தது!

தீர்ந்ததா என்ன? :-)

1988ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 'ரெய்டு' பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும் என்பது அதன் சாரம். அருமையான யோசனை. ஆனால் இதைச் செய்ய வந்த பல ரெய்டு கார்டுகள் தங்களுக்கே உரிய முறையில் டிஸ்க்கில் எழுதின. கார்டு போனால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். 1980ன் பழைய பேய் திரும்ப மரம் ஏறிவிட்டது.

விடை சாஃப்ட்வேரில் வந்தது. லினக்ஸிலேயே ரெய்டு வசதி இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்.எஃப்.எஸ். 2005ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அதே வருஷம் ஃப்ரீநாஸ் பிறந்தது. இன்று அதன் பெயர் ட்ரூநாஸ். இவற்றில் மதர்போர்டு போனால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு பெட்டியில் மாட்டி எழுப்பிவிடலாம்.

கடைசி அத்தியாயம் 2020. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' டிஸ்க்குகள் இந்த மாதிரி சர்வருக்கென்றே விற்கப்பட்டவை. அவற்றில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில மாடல்களில் எஸ்.எம்.ஆர். முறை இருப்பதைப் பயனாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும் முறை அது. ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். செத்த டிஸ்க்குக்குப் பதிலாக இதைப் போட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும். சில சமயம் சர்வரே அதைப் பழுதான டிஸ்க் என்று ஒதுக்கிவிடும். ஏப்ரல் 2020ல் கம்பெனி மாடல் பட்டியலை வெளியிட்டது. பிளக் சேர்ந்தது, அளவு சேர்ந்தது, குணம் சேரவில்லை. ஜாதகத்தில் நடப்பதுதானே!

சரி, முதல் சர்வருக்கு என்ன பார்க்க வேண்டும்?

மதர்போர்டில் எத்தனை சாட்டா போர்ட் என்று எண்ணுங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. போட்டால் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும். மேனுவலில் எழுதியிருக்கும். பிழை திருத்தும் இ.சி.சி. மெமரி வேண்டுமென்றால் ப்ராசசர், போர்டு, மெமரி மூன்றும் அதை ஏற்க வேண்டும். டிஸ்க் வாங்கும்போது பிராண்டை மட்டும் பார்க்காமல் முழு மாடல் எண்ணைப் பார்த்து, சி.எம்.ஆர். வகைதானா என்று கேளுங்கள். 2016ல் வந்த சாட்டா 3.3 விதிப்படி செய்த சில டிஸ்க்குகள் பழைய பவர் சப்ளையில் பிளக் பொருந்தியும் சுற்றவே சுற்றாது. மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள், அதனால்தான். தனி ரெய்டு கார்டு முதல் சர்வருக்குத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் பின்னால் இருப்பது ஒரே சோதனை. இந்தப் பெட்டியில் டிஸ்க் தவிர எது செத்தாலும், டிஸ்க்கை எடுத்துப்போய் வேறு கடையில் வாங்கிய வேறு பெட்டியில் படிக்க முடியுமா? முடியும் என்றால் பொருத்தம் உண்டு. இன்றைக்கு ஆன் ஆகிறது என்பதை மட்டும் வைத்துப் பொருத்தம் சொல்லக் கூடாது.

அப்புறம் ஒன்று. ரெய்டு என்பது பேக்கப் இல்லை. தவறுதலாக அழித்த ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். எட்டு வருஷம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது, டிஸ்க் என்ன பிராண்ட் என்றா கேட்கப்போகிறார்? பில் எங்கே என்றுதான் கேட்பார்.