திசு வளர்க்கும் சாரம்: பதனிட்ட தோலிலிருந்து மடிக்கும் தாள் வரை

திசுப் பொறியியலில் சாரம் என்பது, செல்கள் ஒட்டி வளர்வதற்காக முன்கூட்டியே அமைத்துக் கொடுக்கப்படும் நுண்துளைகள் நிறைந்த தாங்குபொருள் ஆகும். கொத்தனார் சவுக்குக் கழியில் கட்டும் சாரத்தை நினைத்துக்கொள்ளலாம். கட்டடச் சாரத்தை வேலை முடிந்ததும் ஆள் வைத்துப் பிரிக்க வேண்டும். திசுச் சாரமோ உடலுக்குள் மெல்லக் கரைந்துபோக, அந்த இடத்தைப் புதிய திசு பிடித்துக்கொள்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீளக் கல்மரத்தைப் பார்த்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நடந்தது இதற்கு நேர் எதிரானது. மரத்தின் திசு அழிந்து, கனிமம் அந்த இடத்தை நிரப்பியது. வடிவம் மட்டும் நின்றது.

சாரப்பொருள்களில் மிகுதியாகப் பயன்படும் ஒன்று கொலாஜன் என்னும் புரதம். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இது உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலும் பெரும்பாலும் கொலாஜனே. இந்தப் புரதத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு முக்கிய இடம் கிடைத்ததற்கு இத்தொழிலும் ஒரு காரணம்.

சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. அதன் அருகிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது சென்னைக்கு வந்த அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் கூறினார். இராமச்சந்திரன் அதையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார். அவருக்குக் கங்காருவின் வால் தசைநாண் தோல் நிறுவனத்திலிருந்து கிடைத்தது! அதன் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அடுத்த ஆண்டு, அம்மூன்று இழைகளும் கயிறு திரித்தாற்போல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டுள்ளன என்று திருத்தி அமைத்தனர். 1953-இல் வெளியான டி.என்.ஏ. இரட்டைச் சுருளை அறிந்த அளவுக்கு நம் மாணவர்கள் இந்த முச்சுருளை அறிந்திருக்கவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

இந்த அறிவு தீக்காயம் பட்டவர்களுக்கு உதவியது. உடலில் பாதிக்கு மேல் வெந்துவிட்டால், எடுத்து ஒட்டுவதற்குச் சொந்தத் தோல் போதாது. திறந்த புண் வழியே நீர் கசியும், கிருமி நுழையும். அமெரிக்காவில் யானஸ் என்ற பொறியாளரும் பர்க் என்ற அறுவை மருத்துவரும் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்துச் செயற்கைத் தோல் செய்தனர். மேலே சிலிக்கோன் படலம். நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் வெளியிட்டனர். அடையாறு நிறுவனமும் தீக்காயத்தை மூடும் கொலாஜன் படலங்களை உருவாக்கியது.

தோல் மெல்லியது, அதனால் ஒரு படலம் போதும். கல்லீரல் போன்ற தடித்த உறுப்புக்குப் போதாது. இரத்தக்குழாய் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழத்திற்கு மேல் போய்ச் சேராது. உள்ளே உள்ள செல்கள் மடியும். தட்டையான தாளில் செல்களைச் சீராகப் பரப்பி, பிறகு அடுக்கினால் அல்லது மடித்தால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது. 2009-இல் ஒயிட்சைட்ஸ் குழுவினர் சாதாரண வடிதாளில் செல்களைக் கூழோடு ஊறவைத்து, தாள்களை அடுக்கி வளர்த்துக் காட்டினர்.

2017-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், பன்றி, மாடு ஆகியவற்றின் உறுப்புகளிலிருந்து செல்களை நீக்கி, எஞ்சிய கொலாஜன் முதலிய புரதங்களால் தாள் செய்தனர். சூலகத்திலிருந்து செய்த மை சிந்தி, காய்ந்து, தாளாகக் கிடந்ததே தொடக்கம். ஈரமானபோதும் கிழியாத அத்தாளைக் காகிதக் கொக்காகவே மடித்தார்கள். சூலகத் தாளில் வளர்த்த சூல்நுண்பைகள் ஹார்மோன் சுரந்தன. புற்றுநோய்ச் சிகிச்சையால் சூலகச் செயல்பாட்டை இழக்கும் இளம்பெண்களுக்கு இது எப்போதாவது பயன்படக்கூடும். ஆனால் மடித்த தாளுக்குள்ளும் இரத்தக்குழாய் வளர வேண்டும்; அதை உரிய நேரத்தில் வளரச் செய்வதே இத்துறையின் பெரும் சிக்கலாக உள்ளது.