ஒரு பையும் ஒரு போர்வையும்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தையலில் தங்கிய குடும்பக் கதைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஒரு பழைய பருத்திப் பை. தென் கரோலினாவில் அடிமையாக இருந்த ரோஸ், ஒன்பது வயது மகள் ஆஷ்லி விற்கப்பட்டபோது கொடுத்தனுப்பியது. உள்ளே ஒரு கந்தல் கவுன், மூன்று கைப்பிடி பீக்கன் கொட்டை, தன் கூந்தலில் ஒரு பின்னல். இந்தப் பை நிறைய என் அன்பு எப்போதும் இருக்கும் என்றும் சொல்லியனுப்பினாள். பிறகு மகளைப் பார்க்கவேயில்லை. ஆஷ்லியின் பேத்தி ரூத் மிடில்டன் 1921-இல் இதைப் பையின் மீதே, பழுப்பு, சிவப்பு, பச்சை நூலில் தன் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பத்து வரிகளாகத் தைத்தார்.

இரண்டாவது, அலபாமா ஆற்றின் வளைவில் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் ஒட்டுத்துணிப் போர்வை. 1942-இல் கணவர் இறந்ததும் மிசௌரி பெட்வே அவருடைய வேலைத் துணிகளைக் கிழித்துத் தைத்தது. காற்சட்டைக் கால்கள், சட்டைத் துணி, இடையிடையே கார்டுராய், கொஞ்சம் சாக்குத்துணி. உழைப்பில் வெளுத்த நீலம் அப்படியே இருக்கிறது. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அவர் நினைவாக வைத்துப் போர்த்திக்கொள்ளத்தான் அம்மா தைத்தாள் என்று மகள் ஆர்லோன்சியா பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னதால்தான் நமக்குத் தெரியும். மகள் வாய் திறக்காதிருந்தால் அது ஓர் அழகான வடிவமைப்பு, அவ்வளவே.

உண்மையில் அப்படித்தான் பலர் பார்த்தார்கள். 2002-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வந்தபோது விமர்சகர்கள் மத்தீஸ், கிளே போன்ற ஓவியர்களைத் துணைக்கு அழைத்தார்கள். பாராட்டுதான், ஆனால் செத்தவனின் காற்சட்டையை நிறப்பட்டையாக மட்டும் காண்பது எனக்கு உறுத்துகிறது. பைக்கு நேர்ந்ததோ இதற்கு மறுதலை. அதை ஆவணமாகவே படித்தார்கள். அடிமைகளிடையே ஆஷ்லி அரிய பெயர் என்பதால் ஆய்வாளர்கள் தேடிப்போய், 1852-இல் இறந்த சார்ல்ஸ்டன் செல்வர் ராபர்ட் மார்ட்டினின் சொத்துப் பட்டியலில் ரோஸ், ஆஷ்லி இருவரையும் விலையோடு கண்டார்கள்; பெரும்பாலும் இவர்களே அவர்கள். நல்ல வேலை. ஆனால் எதைத் தைக்க வேண்டாம் என்று ரூத் விட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கியவன், விற்றவன் பெயர் அந்தப் பத்து வரிகளில் இல்லை. மிசௌரிக்கோ அந்த வசதி வாய்க்கவில்லை: பெட்வே என்பதே 1845-இல் ஜீஸ் பெண்டின் அடிமைத் தோட்டத்தை வாங்கிய முதலாளியின் பெயர். ஊரில் பலருக்கு அதுதான் குடும்பப் பெயர்.

பை படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. கண்ணாடிக்குள் வைத்தாலும் அதன் வேலை நடக்கிறது. போர்வை உடம்போடு ஒட்டிக் கிடப்பதற்குத் தைத்தது. அருங்காட்சியகச் சுவரில் ஏறியதில் இழப்பு அதற்குத்தான் அதிகம்.