அடிமனையும் மேற்கட்டடமும்: சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (1921) – ஒரு வரலாற்று நோக்கு

சென்னையின் பழைய குடியிருப்புகளில் நிலம் ஒருவருக்கும் அதன்மீது நிற்கும் வீடு வேறொருவருக்கும் உரியனவாக இருக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நிலத்தை அடிமனை என்றும் வீட்டை மேற்கட்டடம் என்றும் பிரித்துச் சுட்டுவர். வீட்டிற்குத் தருவது குடிக்கூலி. அடிமனைக்குத் தருவது தரை வாடகை. தன் குடியிருப்பின் சட்டநிலையை அறிய முற்படும் நகரவாசி முதலில் தெளிய வேண்டியது இவ்வேறுபாட்டையே. இரண்டையும் ஆள்வன வெவ்வேறு சட்டங்கள்.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அடிமனைக் குத்தகைதாரருக்கு அதிகம் தரவில்லை. ஒப்பந்தமோ வழக்காறோ வேறாக இல்லாதவிடத்து, மாத வாடகைக்கு இருப்பவரை 15 நாள் அறிவிப்பில் வெளியேற்றலாம் என்பது அதன் 106ஆம் பிரிவு. தாம் கட்டியதைப் பிரித்தெடுத்துச் செல்ல 108ஆம் பிரிவு இடமளித்தது. கட்டடத்தின் மதிப்பை நிலவுரிமையாளரிடம் கோர வழிசெய்யவில்லை. ஓலைக் கொட்டகைக்கு இவ்விதி பொருந்தலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மெத்தை வீட்டைப் பிரித்தால் எஞ்சுவது இடிபாடே. நூலில் உரிமையாகத் தோன்றுவது நடைமுறையில் தண்டனையாக முடிந்தது.

இந்நிலையில்தான் 1921ஆம் ஆண்டுச் சட்டம் (1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம்) பிறந்தது. நியாயமான தரை வாடகை செலுத்தும்வரை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் பலர் வீடு கட்டியிருந்தனர் என்பதும், அவர்களை அகற்றும் முயற்சிகள் அண்மையில் பெருகின என்பதும் சட்டமுன்வடிவின் நோக்கவுரையில் காட்டப்பட்ட காரணங்கள். எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லாத ஓர் எதிர்பார்ப்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டது இங்குக் கவனிக்கத்தக்கது.

சட்டத்தின் வலிமை மூன்று பிரிவுகளில் அடங்கியுள்ளது. வெளியேற்றப்படும் குத்தகைதாரர் தாம் கட்டிய கட்டடத்திற்கும் நட்ட மரங்களுக்கும் இழப்பீடு பெறுவார் என்கிறது 3ஆம் பிரிவு. வழக்குத் தொடுப்பதற்கு முன் 3 மாத அறிவிப்புத் தந்து, தர முன்வரும் இழப்பீட்டுத் தொகையையும் அதில் குறிப்பிட வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. 15 நாள் 3 மாதமாயிற்று. எனினும், சட்டத்தை நீதிமன்றங்களில் நெடுங்காலம் பேசுபொருளாக்கியது 9ஆம் பிரிவே. வெளியேற்ற வழக்கின் அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்திற்குள் குத்தகைதாரர் நீதிமன்றத்தை அணுகி, அடிமனையைத் தமக்கே விற்குமாறு நிலவுரிமையாளருக்கு ஆணையிடக் கோரலாம். முந்தைய 7 ஆண்டுகளில் நிலவிய மிகக் குறைந்த சந்தை விலையே தொடக்கத்தில் விலையாக வகுக்கப்பட்டது. குடியிருப்பவருக்கு இதனினும் சாதகமான கணக்கு இருக்க இயலாது. பின்வந்த திருத்தம் அதனை 3 ஆண்டுச் சராசரி விலையாக மாற்றியதுடன், கட்டடத்தை வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்ச நிலமே விற்பனைக்குரியது என வரையறுத்தது.

முதலில் இச்சட்டம் சென்னை நகருக்கு மட்டும், அதுவும் சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஏற்பட்ட குத்தகைகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் பிற நகரங்களுக்கு விரிவாக்க வழிவகுத்து, காலவரம்பையும் முன்னகர்த்தியது. ஆகவே, குத்தகை எப்போது தொடங்கியது என்பதற்கான பழைய வாடகை ரசீது, வீட்டுப் பத்திரத்திற்கு நிகரான சான்றாகிவிடுகிறது.

9ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1964இல் வஜ்ரபாணி நாயுடு வழக்கில் ஏற்றது. ஆனால், அதற்கு முன்னரே மற்றொரு தீர்ப்பில், பிறர் நிலத்தை வாங்கும் இவ்வுரிமை சொத்துரிமை அன்று, சட்டம் வழங்கிய உரிமை மட்டுமே என்றும் அது விளக்கியிருந்தது. வழங்கிய சட்டமன்றமே அதனைத் திரும்பப் பெறலாம் என்பது இதன் உட்பொருள். அவ்வாறே நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம், இந்து, இசுலாமிய, கிறித்தவ மற்றும் பிற சமய நிறுவனங்களின் நிலங்களை இச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை உறுதிசெய்தது. சமய நிறுவனங்களின் சொத்துக் கரையாமல் காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆயினும், விலக்கு 9ஆம் பிரிவோடு நின்றிருந்தால் அந்நோக்கம் நிறைவேறியிருக்கும். 3ஆம் பிரிவின் இழப்பீடும் சேர்ந்து நீங்கியதற்கு அதே வலுவில் காரணம் காட்டுவது கடினம்.

வீட்டு வாடகையின் சட்ட வரலாறு இரண்டாம் உலகப்போர்க்காலக் கட்டுப்பாட்டு ஆணைகளிலிருந்து தனிவழியில் வளர்ந்து, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பில் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. வாய்மொழிக் குத்தகையை மதித்த 1921ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இது நேர்மாறான போக்கு.

கோயில் அடிமனையில் வீடு கட்டியவருக்கு இன்று எஞ்சுவன 1882ஆம் ஆண்டுச் சட்டமும் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டமுமே. பின்னதன் 34ஆம் பிரிவின்படி 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் தேவை. அஃதின்றித் தரப்பட்ட குத்தகை செல்லாது.