மலைச் சபையைத் தாங்கிய கைகள்

மலைச்சாரலில் வாழும் ஏழைக் குடிகளிடையே சமயப் பணியாற்றச் செல்வோர் பலர். அவர்தம் பணிக்குப் பட்டணத்து அன்பர்கள் பொருள் அனுப்புவதும் உண்டு. ஆயினும், அத்தகைய பணி நிலைபெறுவது எதனால்? அனுப்பிய பொருளாலா, சென்ற பெரியாராலா, அன்றி அம்மலை மக்களின் கைகளாலா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில், வோஜ் மலைத்தொடரில் வாழ்ந்த ஓபர்லின் பாதிரியாரின் வரலாற்றை நோக்குதல் நன்று.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1740-ஆம் ஆண்டு பிறந்த ஓபர்லின், 1767-இல் தமது 26-ஆம் வயதில் வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூருக்குப் பாதிரியாராகச் சென்றார். லுத்தர் வழிச் சபையைச் சேர்ந்த அவ்வூரும், அதனை அடுத்த பெல்மோன், பெல்போஸ், பூதே, சோல்பாக் ஆகிய ஊர்களும் அவர் பொறுப்பில் இருந்தன. மண்ணோ வளமற்றது, குளிர்காலமோ நெடியது. முந்திய நூற்றாண்டின் போர்களும் கொள்ளை நோயும் அந்நாட்டைப் பாழாக்கியிருந்தன. மக்கள் பேசிய கிளைமொழியை வெளியூரார் அறிந்துகொள்ளுதல் அரிது.

அங்கு முதன்முதல் விளக்கேற்றியவர் ஓபர்லின் அல்லர். அவருக்கு முன்னிருந்த ஸ்டூபர் பாதிரியாரே ஆவர். அவர் அவ்வூருக்கு வந்தபோது, பள்ளிக்கூடம் எங்கே என்று வினவினாராம். ஒரு குடிசையைக் காட்டினர். உள்ளே படுக்கையில் கிடந்த முதியவர், "யான் பன்றி மேய்த்துக் கொண்டிருந்தேன், தள்ளாமை வந்ததும் பிள்ளைகளை மேய்க்க விட்டுவிட்டார்கள்" என்று மறுமொழி கூறியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். ஆசிரியத் தொழில் அத்துணை இழிவாகக் கருதப்பட்ட இடம் அது. ஸ்டூபர் பள்ளியைச் சீர்செய்தார். இரவல் கொடுக்கும் நூல் நிலையமும் அமைத்தார்.

பின்வந்த ஓபர்லின், வேதம் ஓதுதலோடு தம் கடமை முடிந்ததென எண்ணினாரில்லை. ப்ரூஷ் ஆற்றைக் கடக்க நல்ல பாலமில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் செல்லும் பெருவழியை அடையப் பாதையுமில்லை. மழையில் மலைப்பாதை கரைந்து போனால் அரிசியும் மருந்தும் வந்து சேராத துன்பத்தைத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் நன்கறிவர். பாறையைப் பிளந்து பாதை அமைப்போம், ஆற்றின் மேல் பாலம் கட்டுவோம் என்றார் பாதிரியார். ஆகாத காரியம் என்றனர் ஊரார். அவர் விவாதித்துக் கொண்டிராமல், பிக்காசைத் தோளில் வைத்துக்கொண்டு தாமே முன்சென்றார். அதனைக் கண்டு நாணிய உழவர் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்தனர். கருவிகள் போதாமற் போகவே, ஸ்ட்ராஸ்பூர்க் நண்பர்க்கு எழுதி வருவித்தார். பட்டணத்தார் கருவி தந்தனர். மலையார் உழைப்பைத் தந்தனர். அப்பாலத்திற்கு ஈகைப் பாலம் என்பது பெயர்.

இவையெல்லாம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. தொடக்கத்தில் சிலர் அவரை வழிமறித்து அடிக்கவும் சூழ்ச்சி செய்தனர் என்பர். அதனை அறிந்த ஓபர்லின் அவர்கள் கூடியிருந்த வீட்டிற்குத் தாமே சென்று, "இதோ வந்துவிட்டேன்" என்று நின்றாராம். அவர்கள் தலைகுனிந்தனர். பயிர்த்தொழிலிலும் அவர் கையாண்ட முறை அதுவே. பழமரம் நடுங்கள் என்று உபதேசிப்பதை விட்டு, மக்கள் நடந்து போகும் வழியோரத்திலிருந்த தம் நிலத்தில் தாமே நட்டார். மரம் காய்த்தபின், கன்று எங்கே கிடைக்கும் என்று அவர்களே கேட்டு வந்தனர். வாலிபர் சிலரைக் கைத்தொழில் கற்க ஸ்ட்ராஸ்பூர்க்கிற்கு அனுப்பினார். கடனில் மூழ்கியோரை மீட்க ஒரு பொது நிதியும் ஏற்படுத்தினார்.

ஆனால், இவ்வரலாற்றில் உலகம் மறந்த பகுதி ஒன்றுண்டு. பெற்றோர் வயலில் உழைக்கும்போது சிறு குழந்தைகள் காப்பாரின்றித் திரிந்தனர். பெல்மோன் ஊரில் சாரா பான்சே என்னும் இளம்பெண், அவர்களைத் தன் வீட்டில் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வந்தாள். ஊதியமில்லா வேலை என்று அவள் தந்தை வெறுத்தார். இதனைக் கேள்வியுற்ற ஓபர்லின், 1769-இல் அவளுக்கு ஊதியம் அளிக்க ஏற்பாடு செய்து, அப்பணியை ஏனைய ஊர்களிலும் பரப்பினார். ஐரோப்பாவின் முதல் குழந்தைப் பள்ளிகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன. சாரா 1774-இல் இளமையிலேயே மாண்டாள்.

அப்பணியைப் பின்னர்ச் சுமந்தவள் லூயிஸ் ஷெப்ளர். பெல்போஸ் ஊரில் 1763-இல் பிறந்து, பதினைந்தாம் வயதில் பாதிரியார் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்தவள். 1783-இல் பாதிரியாரின் மனைவியார் இறந்தபின், தாயற்ற குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஊர் ஊராக நடந்து குழந்தைப் பள்ளிகளையும் பேணினாள். பின்னர் ஒருநாள், தன்னை மகளாகக் கருதுமாறும் இனிச் சம்பளம் தரவேண்டா என்றும் எழுதிக் கேட்டுக்கொண்டாள். 1829-இல் பிரெஞ்சுக் கல்விக் கழகம் அவளுக்கு 5,000 பிராங்கு நற்குணப் பரிசு வழங்கிற்று. அத்தொகையையும் அவள் அறச் செயல்களுக்கே ஈந்தாள்.

ஓபர்லின் 1826 ஜூன் 1-இல் மறைந்து, பூதே ஊர்க் கல்லறையில் அடக்கமானார். 1833-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரி அவர் பெயரைப் பூண்டது. கறுப்பின மாணவரையும் பெண்களையும் மற்றவர்க்கு முன்னே ஏற்றுக்கொண்ட கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. நற்பணியின் புகழ் கடல் கடந்தது.

ஓபர்லினின் புகழை நாம் குறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஐந்து ஊர்களில் ஒருவர் எத்தனை நாள் பாறை பிளக்க இயலும்? எத்தனை குழந்தைகளுக்குக் காவல் இருக்க இயலும்? பட்டணத்துப் பொருள் பிக்காசாக வந்தது. பாதிரியார் அதனை முதலில் ஓங்கினார். உழவரும், சாராவும், லூயிஸும் அதனைக் கீழே வைக்காது காத்தனர். மலைநாட்டுப் பணிக்கு உதவ விரும்புவோர், அங்கு முன்னரே கூலியின்றி உழைத்துக் கொண்டிருக்கும் சாரா ஒருத்தி யார் என்று முதலில் தேடுதல் வேண்டும். அவள் கையை வலுப்படுத்துவதே உண்மையான உதவியாகும்.